காற்றலையில் சம பங்கு

ஓர் அலுவலகத்தின் வலையமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஸ்விட்சிலிருந்து ஒரு லேன் கேபிள், கூரையில் இரண்டு திருகாணி, வைஃபைக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. அரை நாளில் முடிந்துவிடும். முடிந்த மறுநொடியே அந்த அலுவலகத்தில் ஒரு புதிய பொதுச் சொத்து உண்டாகிவிடுகிறது. கம்பியில் ஸ்விட்ச் வரைக்கும் ஒவ்வொரு மேசைக்கும் தனி வழி இருந்தது. காற்றில் இருப்பது எல்லோருக்கும் ஒரே வழி. ஒரு கருவி பேசும்போது அதே சேனலில் உள்ள மற்றவை வாய்மூடிக் காத்திருந்தே ஆக வேண்டும். பொதுவான ஒன்று, அதை வேண்டுவோர் பலர், அளவோ குறைவு. இந்நிலையில் யாருக்கு எவ்வளவு என்பது சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. வைஃபைப் பெட்டி அதற்குத் தன் போக்கில் ஒரு விடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த விடை சரியா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி ஒளியிழைக் கேபிள் திறந்துவைக்கப்படும் வரை, சுமார் 3.8 லட்சம் மக்களும் அவர்களுடைய அலுவலகங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் செயற்கைக்கோள் வழி வந்த மெல்லிய இணைப்பையே நம்பியிருந்தன. பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தக் காற்று யாருடையது? 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை, வரையறுத்த திறனுக்குள், உரிமம் இல்லாமலே யாரும் பயன்படுத்தலாம் என்று மைய அரசு அறிவித்தது. ஆகவே ஆக்சஸ் பாயின்ட்டைப் பொருத்தும் அலுவலகம் பெட்டிக்கு உரிமையாளர், காற்றுக்கு இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் வைஃபைக்கும் அதே காற்றில் அதே உரிமை உண்டு. செல்வத்தை வைத்திருப்பவன் அதற்கு அறங்காவலன் மட்டுமே என்று காந்தி வற்புறுத்திவந்தார். அவர் நினைத்தது ஆலை முதலாளிகளையும் நிலக்கிழார்களையும். உரிமம் இல்லாத அலைப்பட்டைக்கு அந்தக் கருத்து ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்துகிறது.

இந்தப் பொதுக் காற்றில் பேசும் ஒழுங்கு பிறந்ததும் தீவுகளில்தான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனின் குழு, தீவுகளில் சிதறிக் கிடந்த வளாகங்களை மையக் கணினியோடு வானொலி அலை வழியாக இணைக்க முயன்று, 1971இல் அலோஹாநெட் என்ற வலையமைப்பை இயக்கியது. யாருக்குப் பேச வேண்டுமோ அவர் பேசிவிடலாம். இரண்டு பேச்சு மோதிவிட்டால் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேசலாம் என்பது அதன் விதி. இந்தத் தாராளத்தில் காற்றின் ஐந்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. கணக்கின்படி உச்சமே 18.4 விழுக்காடு. பின்னால் வந்த வைஃபை, பேசுமுன் கேள் என்று விதியைத் திருத்தியது. கருவி முதலில் காது கொடுக்கிறது. அமைதி நிலவினால் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து, அத்தனை நுண்நொடிக் கூறுகளைக் காத்திருந்துதான் பேசத் தொடங்குகிறது. மோதல் நேர்ந்தால் மோதிய இரண்டுமே விட்டுக்கொடுக்கின்றன. எண்ணின் உச்சம் 31, 63 என்று ஏறி 1023 வரை போகும். கலெக்டரின் மடிக்கணினிக்கும் கடைநிலை ஊழியரின் போனுக்கும் இந்த விதி ஒன்றுதான். கேட்டபின் பேசுவதையும் மோதினால் பின்வாங்குவதையும் ஆட்சியாளர் எவரும் இல்லாத ஒரு சபை கடைப்பிடிக்கிறது என்பது வியப்புக்குரியது. மனிதச் சபைகளில் இது அரிது.

ஆனால் இந்த ஒழுங்கு சமமாகக் கொடுப்பது முறையை. நேரத்தை அது சமமாகக் கொடுப்பதில்லை. வேறுபாட்டைக் கணக்கு போட்டால்தான் அதன் கூர்மை தெரியும்.

ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழே இருக்கும் மடிக்கணினி நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது என்று கொள்வோம். வராந்தாவின் கோடியில் ஒரு பழைய போன். அதற்குச் சிக்னல் மெலிந்துவிட்டதால், தவறில்லாமல் பேசுவதற்காக 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டும் 1,500 பைட் கொண்ட தரவுப் பொட்டலங்களை மாறி மாறி அனுப்புகின்றன. ஒரு பொட்டலம் என்பது 12,000 பிட். அதை அனுப்ப மடிக்கணினிக்கு 0.22 மில்லிநொடி போதும். போனுக்கு 12 மில்லிநொடி வேண்டும். ஆளுக்கு ஒரு முறை என்பதால் ஒரு சுற்றுக்கு 12.22 மில்லிநொடி ஆகிறது. அதில் 98 விழுக்காடு போனுக்குப் போய்விடுகிறது. இரண்டுக்கும் கிடைக்கும் வேகம் நொடிக்கு 0.98 மெகாபிட். இடையே வரும் காத்திருப்பையும் ஒப்புகைச் செய்திகளையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும். தனியாக இருந்தால் 54இல் ஓடியிருக்கக்கூடிய கருவி, மெதுவான ஒரு துணையோடு சேர்ந்ததும் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003இல் இதை அளந்து காட்டி, வைஃபையின் பிறழ்வு என்று பெயரிட்டனர்.

மாற்று வழி, முறைக்குப் பதிலாக நேரத்தைச் சமமாகப் பிரிப்பது. ஒவ்வொரு நொடியிலும் பாதி மடிக்கணினிக்கு, பாதி போனுக்கு. அப்போது மடிக்கணினிக்கு 27 மெகாபிட் கிடைக்கும். போனுக்கு அரை மெகாபிட். வலியதன் பங்கு இருபத்தேழு மடங்கு ஏறுகிறது, மெலியதன் பங்கு பாதியாகிறது. இன்றைய நல்ல ஆக்சஸ் பாயின்ட்கள், தாம் அனுப்பும் திசையிலாவது, இப்படி நேரம் பார்த்துப் பிரிக்கின்றன. லினக்ஸ் அடிப்படையிலான கருவிகளில் இதற்கான முறையை 2017இல் வெளியான ஆய்வொன்று விரிவாகக் காட்டியது. அமைப்புப் பக்கத்தில் இது ஒரு டிக் போடும் கட்டம். அந்தக் கட்டத்தில் கை வைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, நீதி பற்றிய இரண்டு கொள்கைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்.

முறையைச் சமமாக்குவதன் பக்கம் வலுவான சமயச் சான்று இருக்கிறது. கார் நிக்கோபாரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் சொல்லும் திராட்சைத் தோட்டக் கதை நன்கு தெரிந்தது. விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். 0.98 மெகாபிட்டைப் பெற்ற மடிக்கணினியின் முணுமுணுப்பு அதேதான். எனினும் கதையில் தோட்டக்காரர் தம் கையிருப்பிலிருந்து கொடுக்கிறார். பேசிய கூலியில் எவனுக்கும் குறையவில்லை. காற்றிலோ கடைசியாக வந்தவனுக்குக் கொடுப்பது முன்னவனிடமிருந்து எடுத்தே ஆக வேண்டியது. அருளுக்குப் பொருந்தும் கணக்கு, அளவோடு இருக்கும் பொருளுக்கு அப்படியே பொருந்தாது. இறைவனின் கொடையில் ஒருவர் பெறுவது இன்னொருவருக்குக் குறைவு ஆகாது என்பது பல சமயங்களின் நம்பிக்கை. அலுவலக வைஃபை அந்த வகைக் கொடை இல்லை.

அலோஹாநெட் இயங்கத் தொடங்கிய அதே 1971இல் ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாட்டு நூல் வெளிவந்தது. சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது அடிமட்டத்தில் இருப்பவரின் நிலையை உயர்த்துவதாக இருந்தால் மட்டுமே என்பது அவர் வாதங்களில் ஒன்று. வலையமைப்புப் பொறியாளர்கள் தனியாக வந்தடைந்த ஓர் அளவுகோலும் இதை ஒத்தது: மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்கு முடிந்தவரை பெரிதாக இருக்கட்டும் என்பார்கள். அதன்படி பார்த்தால், போனுக்கு அரை மெகாபிட்டுக்குப் பதில் 0.98 கிடைக்கும் முறைச் சமமே சரி. எதிர்ப்பக்கத்தில் கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஃபிராங்க் கெல்லி 1997இல் முன்வைத்த விகித நியாயம் நிற்கிறது. ஒருவருக்குக் கூடும் விழுக்காடும் இன்னொருவருக்குக் குறையும் விழுக்காடும் சீர்தூக்கப்பட வேண்டும் என்பது அது. இங்கே கணக்குப் போட்டால் விடை நேரச் சமம்தான். இரண்டுமே அறிவுள்ள விடைகள். எதையும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. போன் 1 மெகாபிட்டில் பேசுகிறது என்பதை இரண்டுமே கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கின்றன. அது ஏன் மெதுவாகப் பேசுகிறது என்று பார்த்தால் பிரச்சினை வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

தீவுகளின் அரசு அலுவலகம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தகரக் கூரை, நடுவில் அதிகாரியின் அறை, இரு பக்கமும் எழுத்தர் மேசைகள், வெளியே நீண்ட வராந்தா. வராந்தாவின் பெஞ்சுகளில் மனு கொடுக்க வந்தவர்கள், வாசலில் காவலர், ஓரத்தில் கடைநிலை ஊழியர். ஆக்சஸ் பாயின்ட் எங்கே பொருத்தப்படும்? பெரும்பாலும் அதிகாரியின் அறையிலேயே. அங்கே கேபிள் ஏற்கெனவே இருக்கும், கேட்டவரும் அவரே. தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஈரம் ஏறிய சுவர் அலையைக் குடிக்கும். வராந்தாவுக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். பழைய போன் வைத்திருப்பவரும் அங்கேதான் இருப்பார். பின்னர் வைஃபை மந்தமானால் குற்றம் அந்தப் போன் மேல் விழும். அதை வெட்டிவிட ஒரு வசதியும் உண்டு: அமைப்பில் 1, 2, 5.5, 11 மெகாபிட் வேகங்களை அணைத்துவிட்டால் தொலைவில் உள்ள கருவிகள் இணையவே முடியாது. பாடப் புத்தகங்கள் இதைப் பரிந்துரைக்கின்றன. தொழில்நுட்பப்படி அது சரியும்கூட. தொலைவுக்கு இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் இல்லாத இடத்தில் அதையே செய்தால், வராந்தாவில் இருப்பவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதாகிவிடும்.

இங்கே நம் நாட்டுச் சமய மரபின் ஒரு பழைய விடை தலைகாட்டும். அவரவர் கொடுத்துவைத்தது அவ்வளவுதான். வராந்தாவில் இருக்க வேண்டும் என்பது அவர் வினை. இந்த விடையைச் சமயத்துக்குள் நின்றே எதிர்த்தவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதியும் சமயமும் பாராமல் பசித்தவர் எவருக்கும் சோறிட்டவர் அவர். பசி வினைப்பயன் என்றால் பசித்தவருக்குச் சோறிடுவது கடவுள் ஆணைக்கு விரோதம் ஆகாதா என்ற கேள்வியைத் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் தாமே எழுப்பி மறுத்தார். அரசன் சிறையிலிட்டவனுக்கும் சோறு போடச் சொல்வதுண்டு என்பது அவர் வாதத்தின் போக்கு. பிறவியில் வந்த பசிக்கே இது விடை என்றால், ஒரு பெட்டியை எங்கே திருகினோம் என்பதால் வந்த தொலைவை வினை என்று சொல்ல இடமே இல்லை. திருக்குறள் பகிர்ந்துண்பதைக் கொல்லாமை அதிகாரத்தில் வைத்துப் பேசுவதையும் சேர்த்து எண்ண வேண்டும். பங்கு மறுப்பது வெறும் கஞ்சத்தனத்தோடு நிற்பதில்லை, அது தீங்கு என்ற பார்வை அந்த வைப்பில் இருக்கிறது.

ரால்ஸிடமும் இதற்குப் பொருத்தமான கருவி ஒன்று உண்டு. அவருடைய மற்ற வாதத்தைவிட இங்கே அதுவே பயன்படும். தாம் எந்த இடத்தில் பிறப்போம் என்று தெரியாதவர்கள் கூடிச் சமூகத்தின் விதிகளை வகுத்தால் எப்படி வகுப்பார்கள் என்று அவர் கேட்டார். அறியாமைத் திரை என்று அதற்குப் பெயர். நாளை அதிகாரி அறையில் உட்காருவோமா, வராந்தா பெஞ்சிலா என்று தெரியாத ஒருவர் ஆக்சஸ் பாயின்ட்டைப் பொருத்தினால், அதை அதிகாரி அறையில் பொருத்த மாட்டார். ஒன்றைக் கூடத்தின் நடுவிலும் மற்றொன்றை வராந்தாவிலும் வைப்பார். இரண்டுக்கும் ஒன்றோடொன்று மோதாத சேனல்களைக் கொடுப்பார். 2.4 கிகாஹெர்ட்ஸில் அப்படிப்பட்டவை 1, 6, 11. அப்போது பழைய போனும் வேகமாகப் பேசும். முறைச் சமமும் நேரச் சமமும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தரத் தொடங்கும். எப்படிப் பிரிப்பது என்ற சண்டையில் பாதி, யார் தொலைவில் வைக்கப்பட்டார் என்ற முந்தைய முடிவிலிருந்து பிறந்தது.

தீவுகளுக்கு இந்த உண்மை பெரிய அளவில் நேர்ந்திருக்கிறது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமும் ரூ.1,224 கோடி செலவும் கொண்ட அந்தக் கடலடிக் கேபிள், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்), அங்கிருந்து சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவற்றுக்கும் போகிறது. மக்கள் வாழும் தீவுகள் முப்பதளவில் இருக்க, கேபிள் கரையேறியவை இவ்வளவே. கமோர்ட்டாவுக்கு அருகில் இருக்கும் கட்சால் பட்டியலில் இல்லை. பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்வதற்கில்லை. கேபிள் எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தீவுகளைத் தேடி அது போனதே பெரிய காரியம். ஆயினும் அடுத்த இணைப்பைத் திட்டமிடுவோர், மெதுவாக இருக்கும் தீவை மெதுவான தீவு என்று பதிவுசெய்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

பங்கிடுவதற்குத் தனிமனிதனையே அலகாகக் கொள்ள வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. நிக்கோபாரியர் வாழ்வில் துஹெட் என்ற கூட்டுக் குடும்பமே நிலத்துக்கும் தென்னைக்கும் பன்றிகளுக்கும் உரிமையுடையது. யாருக்கு எது தேவை என்பதைத் துஹெட்டின் மூத்தவர்கள் பார்த்து ஒதுக்குவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தத் தீவுகளைச் சிதைத்தபின் நிவாரணமும் இழப்பீடும் தனித்தனிக் குடும்பங்களின் பெயரில், வங்கிக் கணக்குகளில் வந்தன. ஆளுக்கொரு பங்கு என்ற கணக்கில் தவறேதும் இல்லை. ஆனால் பிரிக்கும் அதிகாரம் மூத்தவர் கையிலிருந்து போனது, துஹெட் தளர்ந்தது, சமுதாய ஆய்வாளர்கள் இதைச் சுனாமிக்குப் பின் வந்த இரண்டாம் சேதமாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். வைஃபையும் கருவிக்கு ஒரு முறை என்றே கணக்கிடுகிறது. போன், மடிக்கணினி, டேப்லட் என்று மூன்று வைத்திருப்பவருக்கு மூன்று முறை. ஒரே போனை நாலு பேர் பார்க்கும் குடும்பத்துக்கு ஒரு முறை. எதை அலகாக எடுத்தோம் என்பதிலேயே பாதி நீதி முடிந்துவிடுகிறது.

வெளியாரை அலுவலக வைஃபையில் சேர்ப்பதா என்ற கேள்விக்கு விடை சுருக்கமாகச் சொல்லக்கூடியது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது, நவி மும்பையில் பாதுகாப்பின்றித் திறந்துகிடந்த ஒரு வைஃபை வழியாக மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. அதன்பின் 2009இல் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாத்து வைக்கும்படி வழிகாட்டியது. வந்தவரை வரவேற்பது விருந்தோம்பல். வந்தவர் இன்னாரென்று அறியாமல் வீட்டின் உள்ளறையைத் திறந்துவிடுவது அதில் சேராது. விருந்தினருக்கு அலுவலகக் கோப்புகளைத் தொடாத தனி வலை, ஊழியர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு, யார் எதைப் பார்த்தார் என்று பதிவேட்டைத் துழாவாத அடக்கம் ஆகியவை போதும். கடைசியாகச் சொன்னது கருவியில் அமைக்க முடியாதது; அதைப் பார்ப்பவரின் மனத்தில் அமைய வேண்டியது.

இணைக்காமல் விடுவதே நீதியாகும் இடமும் இதே தீவுகளில் இருக்கிறது. வடக்குச் சென்டினல் தீவின் மக்கள் வெளியுலகத் தொடர்பை மறுத்துவருகிறார்கள். 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களுடைய தீவுக்கும் அதைச் சுற்றிய கடலுக்கும் வெளியார் போவதைத் தடுக்கிறது. 2018 நவம்பரில் சமயம் பரப்ப அங்கே போன அமெரிக்கர் ஒருவர் உயிரிழந்தார். கேட்காதவருக்குப் பங்கு கொடுக்கப் போவது கொடையாகாது. வராந்தாவில் காத்திருப்பவர் கேட்கிறார்; சென்டினல் மக்கள் வேண்டாம் என்கிறார்கள். இரண்டையும் ஒரே அக்கறையோடு கேட்டாக வேண்டும்.

எனவே தீவுகளிலும் வேறெங்கும் அலுவலகத்தில் ஆக்சஸ் பாயின்ட் பொருத்தப் போகிறவர்கள் அமைப்புப் பக்கத்தைத் திறக்குமுன் ஒரு காரியம் செய்யட்டும். கிடைப்பதிலேயே பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு, மழை பெய்யும் நாளாகப் பார்த்து, கட்டடத்தின் கடைக்கோடி இருக்கைக்குப் போய்ச் சிக்னலை அளந்து பாருங்கள். அங்கே −67 டிபிஎம்முக்குக் குறைவாகக் காட்டினால் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள், அல்லது இன்னொன்று வாங்கச் சொல்லிக் கோப்பு எழுதுங்கள். வேகங்களை அணைப்பதும் நேரத்தைப் பிரிப்பதும் அதற்குப் பிறகு.